கருத்துப் படிவத்துக்கு ஏன் பதில் வருவதில்லை?

கேள்வி: நான் ஒரு தமிழ்க் கலை, இலக்கிய அமைப்பின் செயலாளர். செயற்குழுவும் துணைக்குழுக்களும் சேர்ந்து மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஏழரை மணிக்குச் சமூக மன்ற அறையொன்றில் கூடுகிறோம். பெயர்ப்பட்டியலில் 22 பேர் இருக்கிறோம். சென்ற ஆண்டு பதினெட்டு பேருக்குக் குறையாமல் வந்தார்கள். இப்போது பன்னிரண்டு பேர் வந்தாலே அதிகம். கூட்டம் பத்து மணியைத் தாண்டித்தான் முடிகிறது. குறையைத் தெரிந்துகொள்ளலாம் என்று 18 கேள்விகள் கொண்ட கூகல் படிவம் ஒன்றைத் தயாரித்து, சென்ற கூட்டம் முடிந்து ஒரு வாரம் கழித்து வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினேன். ஐந்து பேர் மட்டுமே நிரப்பினார்கள். ஐவரும் எல்லாக் கேள்விகளுக்கும் நான்கு அல்லது ஐந்து மதிப்பெண் கொடுத்து, 'நன்று' என்று எழுதியிருந்தார்கள். ஆனால், இளைய உறுப்பினர்கள் தனியாக ஒரு வாட்ஸ்அப் குழு வைத்துக்கொண்டு கூட்டத்தைப் பற்றிய குறைகளை அங்கே பேசிக்கொள்வதாகக் கேள்விப்படுகிறேன். எங்கள் தலைவர் வயதில் மூத்தவர், அமைப்புக்காக நெடுங்காலம் உழைத்தவர். கருத்துக் கேட்பதைத் தம்மைக் குறைகூறுவதாக அவர் எடுத்துக்கொள்வாரோ என்ற தயக்கமும் எனக்கு இருக்கிறது. உண்மையான கருத்தைப் பெற என்ன செய்யலாம்? பெயர் கேட்கலாமா? அந்தத் தனிக் குழுவை என்ன செய்வது?
- செயலாளர், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு, உங்கள் உறுப்பினர்களிடம் சொல்வதற்கு நிறைய இருக்கிறது என்பதற்கு அந்தத் தனி வாட்ஸ்அப் குழுவே சான்று. அக்கறையற்றவர்கள் பேசாமல் விலகிவிடுவார்கள். வேலை முடிந்து களைத்த பிறகும் கூட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பவர்கள் அமைப்பை இன்னும் தமதென்று நினைப்பவர்கள். ஆகவே, கருத்து இல்லை என்பது உங்கள் சிக்கலன்று. சொன்னால் ஏதாவது மாறும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இல்லை. சொன்னால் யாராவது மனம் நோவார்கள் என்ற அச்சம் இருக்கிறது. இந்த இரண்டையும் சரிசெய்யாமல் எவ்வளவு அழகான படிவத்தை அனுப்பினாலும், அதே ஐந்து பேர்தான் அதே நான்கையும் ஐந்தையும் தருவார்கள்.

முதலில் அந்த 18 கேள்விகளை எடுத்துவிடுங்கள். ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் கேட்கும் முறைக்கு மூலம், அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லைக்கர்ட் 1932இல் வெளியிட்ட ஆய்வு. பலரிடம் பல கூற்றுகளை முன்வைத்து, அவர்கள் தந்த எண்களைக் கூட்டிப் பார்த்து மனப்பாங்கை அளப்பதற்கு அது உருவானது. பெரிய நிறுவனத்தில் ஆயிரம் பேரிடம் கேட்க அது பயன்படும். பன்னிரண்டு பேர் கூடும் அறையில், 'தலைமையேற்று நடத்திய விதம்: 4.4' என்ற எண் உங்களுக்கு எதைச் சொல்லும்? அடுத்த வெள்ளிக்கிழமை எதை மாற்ற வேண்டும் என்பதை அது சொல்லாது. அதோடு, நம்மவர் ஒருவரை நேரில் தெரிந்திருக்கும்போது அவருக்கு இரண்டு மதிப்பெண் போட மனம் வராது. அந்த நான்கும் ஐந்தும் மரியாதைக்காகப் போடப்பட்டவை. அவற்றை மதிப்பீடாகக் கொள்ளாதீர்கள்.

மூன்று கேள்விகள் போதும். முதலாவது: 'இன்றைய நிகழ்ச்சி நிரலில் எதற்குத் தேவைக்கு மேல் நேரம் போனது, எதற்கு நேரம் போதவில்லை?' இரண்டாவது: 'சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது ஏதேனும் உண்டா? எது தடுத்தது?' மூன்றாவது: 'அடுத்த கூட்டத்தில் ஒன்றை மட்டும் மாற்றலாம் என்றால் எதை மாற்றச் சொல்வீர்கள்?' இந்த மூன்றுக்கும் 'நன்று' என்று பதில் எழுத முடியாது என்பதைக் கவனியுங்கள். அவை யாரையும் குறிப்பிட்டுக் குறைகூறச் சொல்வதும் இல்லை. நேரத்தையும் நடைமுறையையும் பற்றித்தான் கேட்கின்றன. உங்களால் மாற்றவே முடியாத ஒன்றைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். வேறு அறை கிடைக்க வழியில்லை என்று தெரிந்திருந்தும் 'இடம் வசதியாக இருந்ததா?' என்று கேட்பது, செய்ய முடியாததைச் செய்வதாக வாக்குக் கொடுப்பதற்குச் சமம்.

எப்போது கேட்பது என்பதும் முக்கியம். ஒரு வாரம் கழித்துக் கேட்டால், நினைவில் இருப்பது கூட்டத்தின் ஒரு பகுதிதான். உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட சோதனையொன்றில், பங்கேற்றவர்கள் 14 பாகை செல்சியஸ் குளிர்நீரில் ஒரு நிமிடம் கையை வைத்திருந்தார்கள். மற்றொரு முறை, அதே ஒரு நிமிடத்தோடு, நீரின் குளிர் சற்றே தணிக்கப்பட்ட நிலையில் மேலும் 30 விநாடி வைத்திருந்தார்கள். இரண்டில் எதைத் திரும்பச் செய்யத் தயார் என்று கேட்டபோது, பெரும்பாலோர் நீண்ட நேரம் துன்பப்பட்ட அந்த இரண்டாவதையே தேர்ந்தெடுத்தார்கள். அனுபவத்தின் உச்சக்கட்டமும் முடிவும்தான் நினைவில் மேலோங்கி நிற்கின்றன என்பது அந்த ஆய்வாளர்களின் விளக்கம். உங்கள் கூட்டம் ஒலிபெருக்கி வாடகையைப் பற்றிய வாக்குவாதத்தோடு பத்தேகால் மணிக்கு முடிந்திருந்தால், ஒரு வாரம் கழித்து அந்த வாக்குவாதமே முழுக் கூட்டமாகத் தோன்றும். இடையில் நடந்த நல்ல விவாதம் மறந்துபோகும். அதனால்தான் முதல் கேள்வியை நிகழ்ச்சி நிரலின் ஒவ்வோர் அங்கத்தோடும் பொருத்திக் கேட்கச் சொல்கிறேன்.

கருத்துக் கேட்பதை நிகழ்ச்சி நிரலிலேயே ஓர் அங்கமாகச் சேர்த்து, 'பிற விவகாரங்கள்' என்ற இறுதி அங்கத்துக்கு முன்னால் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். இறுதியில் வைத்தால் அது நடக்காது. பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டிருப்பார்கள், மற்றவர்கள் தேநீர் மேசைக்குப் போயிருப்பார்கள். ஐந்து நிமிடத்துக்கு அறையில் யாரும் பேச வேண்டாம். ஒவ்வொருவர் கையிலும் ஓர் அட்டை, ஒரு பேனா.

பேனாவை நான் வீணாகக் குறிப்பிடவில்லை. நான் உதவச் சென்ற பெற்றோர் குழுவொன்றில் பதினைந்து அட்டைகள் இருந்தன, இரண்டு பேனாக்கள்தான் இருந்தன. முதலில் எழுதியவர் அட்டையை எழுத்து தெரியும்படி மேசையில் வைத்துவிட்டுப் பேனாவை அடுத்தவரிடம் கொடுத்தார். அடுத்தவர் அந்த அட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏறக்குறைய அதையே எழுதினார். நான்காவது ஆளுக்குப் பேனா போனபோது, எழுத வேண்டியது என்ன என்பது அறைக்கே தெரிந்துவிட்டது. 'கூட்டம் பயனாக இருந்தது, நேரத்தைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளலாம்' என்ற ஒரே வாக்கியம் பல கையெழுத்துகளில் வந்து சேர்ந்தது. அடுத்த மாதம் ஆளுக்கொரு பேனா கொடுத்து, அட்டையை மடித்துப் போட ஒரு பெட்டியும் வைத்தோம். அப்போதுதான், பொருளாளர் ஒவ்வொரு ரசீதையும் உரக்க வாசிப்பதில் நேரம் போகிறது என்று பலர் தனித்தனியாக எழுதியிருந்ததைக் கண்டோம். பொருளாளருக்கு அது வியப்பாக இருந்தது. வாசிக்காவிட்டால் தம்மைச் சந்தேகிப்பார்கள் என்று எண்ணித்தான் அவர் வாசித்துவந்தார். கணக்கை ஒரு பக்கமாகத் தொகுத்து முன்கூட்டியே அனுப்பிவிட்டு, கூட்டத்தில் சந்தேகங்களுக்கு மட்டும் பதில் சொல்வதென்று முடிவாயிற்று.

ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதும் இந்தப் போக்குக்கு மனிதர்களின் கோழைத்தனம் காரணமன்று. உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950களில் நடத்திய சோதனைகளில், கண்ணெதிரே தெளிவாகத் தெரியும் கோட்டின் நீளத்தைக்கூட, ஆய்வாளர் முன்கூட்டியே சொல்லிவைத்தபடி உடனிருந்த அனைவரும் தவறாகச் சொன்னபோது, பலர் ஒருமுறையேனும் அந்தத் தவறான விடையைத் தாமும் சொன்னார்கள். உடனிருந்தவர்களில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னாலும், அல்லது விடையைத் தனியாக எழுதிக் கொடுக்கச் சொன்னாலும், இந்த இணக்கம் பெருமளவு குறைந்தது. மேலாண்மை ஆய்வாளர்களான ஆண்ட்ரே டெல்பெக், ஆண்ட்ரூ வான் டி வென் ஆகிய இருவரும் 1970களின் தொடக்கத்தில் குழு விவாதத்துக்கு வகுத்த முறையும் இதே அடிப்படையில் அமைந்தது: முதலில் அனைவரும் மௌனமாக எழுதுவது, பிறகு ஒருவர் ஒரு கருத்தாக வரிசையில் சொல்வது, அதன் பிறகே விவாதிப்பது. உங்கள் குழுவில் வரிசையாகப் பேசும் கட்டம் வரும்போது இளையவரிடமிருந்து தொடங்குங்கள். தலைவர் பேசிய பிறகு இருபத்திரண்டு வயதுப் பெண் எழுந்து மாற்றுக் கருத்துச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. வீட்டில் பெரியவர் பேச்சுக்கு மறுபேச்சு பேசாதே என்று கேட்டு வளர்ந்தவள் அவள். அவள் முதலில் பேசினால் மறுத்துப் பேசுவதாக ஆகாது.

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே இளையவர் பலர் தமிழில் நன்றாகப் பேசினாலும், மனத்தாங்கலை எழுத ஆங்கிலத்தையே நாடுவார்கள். முதியவர் சிலருக்கு ஆங்கிலப் படிவத்தைக் கண்டாலே கை பின்வாங்கும். அட்டையில் கேள்விகளை இரு மொழியிலும் அச்சிட்டு, எந்த மொழியிலும், கலந்தும் எழுதலாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தமிழ் அமைப்பாயிற்றே, தமிழில்தான் எழுத வேண்டும் என்று இந்த ஓர் இடத்தில் மட்டும் வற்புறுத்த வேண்டாம். எழுதச் சிரமப்படும் முதியவரிடம் மறுநாள் தொலைபேசியில் கேட்டு, அவர் சொன்னதை அவர் சொன்ன சொற்களிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமானதும் பெரும்பாலான அமைப்புகள் கைவிட்டுவிடுவதுமான பகுதிக்கு வருகிறேன். வாங்கிய கருத்து என்ன ஆயிற்று என்பதைத் திரும்பச் சொல்ல வேண்டும். உங்கள் படிவத்தை நிரப்பிய அந்த ஐவருக்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று கடிதத்தில் இல்லை. ஒன்றும் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். முன்பு எப்போதாவது வருடாந்தரக் கருத்துக்கணிப்பு என்று ஒன்று நடத்தி, அதுவும் கோப்பில் உறங்கியிருக்கக்கூடும். ஒருமுறை கேட்டுவிட்டு மௌனமாக இருந்துவிட்டால், மறுமுறை கேட்கும்போது பாதிப் பேர் பதில் சொல்லமாட்டார்கள். மூன்றாம் முறை யாருமே சொல்லமாட்டார்கள். அப்படிப் பார்த்தால், கேட்காமலே இருப்பது மேல்.

அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், முந்தைய கூட்டக் குறிப்பை ஏற்கும் அங்கத்தை அடுத்து, 'சென்ற முறை நீங்கள் சொன்னவை' என்று ஓர் அங்கம் இருக்கட்டும். மூன்று நிமிடம் போதும். அதில் மூன்று செய்திகள் வர வேண்டும்: என்ன கேட்டோம், எதை மாற்றினோம், எதை மாற்றவில்லை, ஏன். மூன்றாவதைத் தவிர்க்காதீர்கள். எடுத்துக்காட்டாக, 'கூட்டத்தை ஸூமில் நடத்தலாம் என்று இருவர் எழுதியிருந்தார்கள். மூத்த உறுப்பினர்கள் நேரில் வருவதையே விரும்புவதால் இப்போதைக்கு மாற்றவில்லை; ஆனால் துணைக்குழுக்களின் அறிக்கையை இனிக் கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னரே எழுத்தில் அனுப்புவோம், அதனால் ஒன்பதரைக்குள் முடிக்க முயல்வோம்' என்று சொன்னால், கேட்டது கிடைக்காதவருக்கும் தம் பேச்சு காதில் விழுந்தது என்பது தெரியும். இதைக் கூட்டக் குறிப்பிலும் எழுதிவையுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்யுங்கள். அது சிறியதாக இருக்கலாம், ஆனால் எல்லாருடைய கண்ணுக்கும் தெரிய வேண்டும். ஒன்பதரை என்று சொல்லிவிட்டு ஒன்பதரைக்கு முடிப்பதைக் காட்டிலும் உறுப்பினர்களின் வாயைத் திறக்கவைக்கும் வழி வேறொன்றை நான் கண்டதில்லை.

தலைவரைப் பற்றிய உங்கள் தயக்கம் நியாயமானது. கூட்டங்களைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் அமைப்பு உளவியலாளர் ஸ்டீவன் ரோகல்பெர்க், கூட்டத்தை நடத்துபவர் அதில் கலந்துகொள்பவர்களைவிட அக்கூட்டத்தை உயர்வாக மதிப்பிடும் போக்கைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். இதில் வியப்பில்லை, அதிகம் பேசுபவருக்கு நேரம் போவது தெரியாது. ஆகவே, தலைவருக்குக் குறை தெரியவில்லை என்றால் அது அவருடைய நாற்காலியின் இயல்பு. அவருடைய குணத்தின் மீது பழிபோட வேண்டியதில்லை. எதையும் கூட்டத்தில் திடீரென்று அறிவிக்காதீர்கள். முன்கூட்டியே நேரில் சென்று, 'ஐயா, என்னுடைய பணியிலிருந்தே தொடங்கலாம் என்று நினைக்கிறேன். நிகழ்ச்சி நிரலை நான் தாமதமாக அனுப்புகிறேனா, குறிப்புகள் தெளிவாக இருக்கின்றனவா என்று கேட்கப்போகிறேன். அந்த அட்டைகளை உங்கள் கையாலேயே கொடுத்தால் எல்லாரும் எழுதுவார்கள்' என்று சொல்லிப் பாருங்கள். இது தந்திரமாக இருக்கக் கூடாது. உங்கள் பணியைப் பற்றி உண்மையாகவே கேட்டு, வரும் பதிலை அவர் முன்னிலையிலேயே முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள். குறை சொல்லப்பட்டவர் அதை எப்படி ஏற்கிறார் என்பதை அறை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும். உங்களிடம் எழுதலாம் என்ற துணிச்சல் அங்கிருந்துதான் பிறக்கும். அட்டைகளைத் தலைவரும் நீங்களும் சேர்ந்தே படியுங்கள். ஒருவர் மட்டும் படித்துச் சுருக்கிச் சொன்னால், சுருக்கியவர் மீது ஐயம் எழும். படிக்கும்போது, 'ஆனால்' என்ற சொல்லுக்குப் பிறகு வருவதைக் கோடிட்டுக்கொள்ளுங்கள். நம் பழக்கத்தில் பாராட்டு முன்னால் வரும், கருத்து அதற்குப் பின்னால்தான் வரும்.

வராமல் நின்றுவிட்டவர்களை மறந்துவிடாதீர்கள். அறைக்குள் அட்டை கொடுத்தால், வந்த பன்னிரண்டு பேரின் கருத்துதான் கிடைக்கும். உங்களுக்கு மிகவும் தேவைப்படுவது வராத பத்துப் பேரின் கருத்து. அவர்களுக்குப் படிவம் அனுப்பாதீர்கள், அழைத்துப் பேசுங்கள். 'மறுபடியும் வாருங்கள்' என்ற வேண்டுகோளோடு பேச்சைத் தொடங்கினால் அவர்கள் உடல்நலத்தையும் வேலைப்பளுவையும் காரணம் காட்டித் தப்பித்துக்கொள்வார்கள். 'நீங்கள் வந்துகொண்டிருந்த காலத்தில், எந்தக் கூட்டத்துக்குப் பிறகு இனிப் போக வேண்டாம் என்று தோன்றியது?' என்று கேட்டுவிட்டு, குறுக்கிடாமல் கேளுங்கள். விளக்கமோ சமாதானமோ சொல்லாமல் நன்றி கூறி முடித்துக்கொள்ளுங்கள்.

பெயர் கேட்கலாமா என்றால், வேண்டாம் என்பதே என் பதில். ஆனால் பன்னிரண்டு பேரில் பெயரில்லாமல் எழுதினாலும் கையெழுத்து காட்டிக்கொடுக்கக்கூடும்; ஆகையால், 'யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது' என்று வாக்களிக்காதீர்கள். 'இதைத் தலைவரும் நானும் மட்டுமே படிப்போம், யார் எழுதியது என்று ஆராயமாட்டோம், படித்தபின் கிழித்துவிடுவோம்' என்று உங்களால் காப்பாற்ற முடிந்ததை மட்டும் சொல்லுங்கள். கூகல் படிவத்தையே பயன்படுத்துவதானால், மின்னஞ்சல் முகவரியைச் சேகரிக்கும் அமைப்பு அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். சிங்கப்பூரின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களைப் போன்ற சங்கங்களுக்கும் பொருந்தும். வருகைப் பதிவேட்டிலோ படிவத்திலோ அடையாள அட்டை எண்ணைக் கேட்கும் பழைய வழக்கம் எஞ்சியிருந்தால் அதை இப்போதே நிறுத்துங்கள். சட்டப்படி தேவைப்படும் இடங்களிலும், அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிப்படுத்த வேண்டிய இடங்களிலும் தவிர அந்த எண்ணைச் சேகரிக்கக் கூடாது என்ற வழிகாட்டுதல் 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. உறுப்பினர் எழுதியதைப் படமெடுத்து எந்த வாட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள்.

எல்லா மாதமும் மூன்று கேள்விகளையும் கேட்டால் சலித்துவிடும். முதல் மூன்று கூட்டங்களுக்கு மூன்றையும் கேளுங்கள்; பிறகு மூன்றாவது கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு, ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முந்தைய கூட்டத்தில் விரிவாகக் கேளுங்கள். பொதுக்கூட்டத்தின் அறிவிப்புக் காலம், குறைந்தபட்ச வருகை, வாக்களிப்பு ஆகியவை உங்கள் அமைப்பு விதிகளில் உள்ளவை. அவற்றைக் கருத்தட்டை கொண்டு மாற்ற இயலாது, முறைப்படி திருத்தம் கொண்டுவர வேண்டும். அட்டையில் அத்தகைய யோசனை வந்தால், எழுதியவர் யார் என்று தேடாமல், திருத்தம் கொண்டுவரும் வழியை அடுத்த கூட்டத்தில் எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லுங்கள்.

அந்தத் தனி வாட்ஸ்அப் குழுவை ஒன்றும் செய்யாதீர்கள். அதை மூடச் சொல்வதும், உள்ளே யாரையாவது அனுப்பி என்ன பேசுகிறார்கள் என்று அறிய முயல்வதும், இருக்கும் நம்பிக்கையையும் கெடுத்துவிடும். அதில் பேசப்படுவதாக உங்கள் காதுக்கு வந்த எதையும் கூட்டத்தில் மேற்கோள் காட்டவும் வேண்டாம். சொன்னது யார் என்ற தேடல் அங்கே உடனே தொடங்கிவிடும். இளையவர்களில் ஒருவரிடம் அடுத்த கூட்டத்தின் ஓர் அங்கத்தைப் பொறுப்பாகக் கொடுத்து, அதற்கான நேரத்தையும் அவரையே தீர்மானிக்கச் சொல்லுங்கள். தமிழ்மொழி விழா நிகழ்ச்சிக்கான திட்டமிடலாக இருந்தால் இன்னும் நல்லது, அதில் அவர்களுக்கு விருப்பம் அதிகம். அந்த அங்கம் முடிந்ததும் அட்டைகளைக் கொடுங்கள். அன்று அவர் நடத்தியதைப் பற்றி மற்றவர்கள் எழுதுவதை அவரும் படிக்க வேண்டியிருக்கும்; அதை எழுதுவதற்கு முன்பே எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள்.